பிற நாட்டுப் பிரஜையான தேசபக்தர்

தாய்நாட்டின் விடுதலைக்காகப் பாடுபடும் ஒருவர் பிற நாட்டின் பிரஜையாகிவிடுதல் தகுமா என்ற கேள்வி தேசபக்தர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. இதற்கு விடை காண விரும்புவோர் ஸ்ரீ ராஷ் பிஹாரி போஸின் சரித்திரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். அவர் 1915-ம் ஆண்டில் ஜப்பானை அடைந்தார். 1923-ல் அந்நாட்டுப் பிரஜையானார். 1945-ல் அங்கேயே காலமானார். இம்முப்பது ஆண்டுகளில் ஒரு தினமேனும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினாரில்லை.

வங்காளத்தில் பர்த்வான் ஜில்லாவில் 1886-ல் பிறந்த போஸ், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தாவாக அமர்ந்திருந்தார். சர்க்கார் சம்பளம் பெற்றுக்கொண்டே அச்சர்க்காரைக் கவிழ்க்கவும் அவர் இரகசியமாக வேலை செய்துவந்தார். 1912 டிசம்பர் 23-ந் தேதி டில்லியில் யானைமீது பவனி வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபுவின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. அந்தச் சதியின் மூளை போஸே என்று போலீஸார் அவரைத் தேடலாயினர். 1915 பிப்ரவரியில் வடநாட்டுப் பட்டாளங்களைக் கிளர்ந்தெழச் செய்ய அவர் செய்த ஏற்பாடும், ஒற்றன் ஒருவன் காட்டிக் கொடுத்ததால் குலைந்தது. கூட்டாளிகள் பலர் தூக்குமேடை ஏறினர். போஸ் மே மாதத்தில், மகாகவி தாகூரின் உறவினர் என்று வேற்றுப் பெயர் பூண்டு, கல்கத்தாவில் கப்பலேறினார். வெளிநாட்டில் ஆயுதமும் ஆதரவும் திரட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். குடியேறும் எண்ணம் அப்பொழுது அவருக்கு இல்லை.

ஆனால் ஜப்பான் அந்நாளில் பிரிட்டனின் நேச நாடு. பிரிட்டிஷாரின் வற்புறுத்தலால், 1915 நவம்பர் இறுதியில் அவரை நாட்டைவிட்டு வெளியேறும்படி ஜப்பானிய சர்க்கார் உத்தரவிட்டது. வெளியேறினால் ஷாங்காயிலோ ஹாங்காங்கிலோ பிரிட்டிஷ் போலீஸார் கையில் சிக்குவது நிச்சயம். அச்சமயத்தில் தோயாமா மித்சுரு என்ற செல்வாக்கு மிக்க தலைவர் அவரைத் தம் இல்லத்திலிருந்து இரவோடிரவாகத் தப்புவித்தார். டோக்கியோவில் நாகாமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திவந்த சோமா தம்பதிகள், முன்பின் அறியாத அம்மனிதருக்குத் தங்கள் கடையின் பின்கட்டில் புகலிடம் அளித்தனர். தம் சொந்த சர்க்காரின் உத்தரவையும் மீறி அவர்கள் செய்த உபகாரம் இது.

1916-ல் உத்தரவு கைவிடப்பட்டது. எனினும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விட்டபாடில்லை. போஸ் வீடு விட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தார். மறைந்து வாழ்பவருக்கு வெளியுலகத்தோடு தொடர்பு கொள்ள நம்பிக்கையான துணை வேண்டும் என்று கருதிய தோயாமா, சோமா தம்பதிகளின் மூத்த மகள் தோஷிகோவை அவருக்கு மணமுடிக்கலாம் என்றார். பெற்றோர் முடிவை மகளிடமே விட்டனர். வரப்போகும் துன்பத்தை அறிந்தே அப்பெண் இசைந்தாள். 1918-ல் விவாகம் நடந்தது; ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

1923-ல் போஸ் ஜப்பானியப் பிரஜா உரிமை பெற்றார். இத்தீர்மானம் தாய்நாட்டை மறந்ததன் விளைவன்று. பிறந்த நாட்டில் அவருக்குக் காத்திருந்தது தூக்குக் கயிறு; புகுந்த நாட்டிலோ, மந்திரிகளின் மனம் மாறினால் மறுபடியும் துரத்தப்படலாம் என்ற நிலை. ஜப்பானியப் பிரஜை ஆனபின் அவரைத் துரத்துவதற்கில்லை. பகிரங்க மேடையில் நின்று இந்தியாவைப் பற்றிப் பேசலாம். ஒளிந்திருந்தவர் வெளியே வந்தார். ஜப்பானிய மொழியைக் கற்றுத் தேர்ந்து, இந்தியாவின் நிலையை விளக்கி அம்மொழியிலேயே நூல்கள் எழுதினார். 1927-ல் நாகாமுராயாவில் தொடங்கிய போஜனசாலையில் நம் நாட்டு முறைப்படி குழம்பும் சோறும் பரிமாறச் செய்தார். அவ்வுணவு அக்கடையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் தோஷிகோ 1925-லேயே, முப்பது வயது நிரம்புமுன், நோய்வாய்ப்பட்டு மாண்டாள். போஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அத்தீர்மானத்தின் மற்றொரு விலையை அவர் 1942-ல் செலுத்த நேர்ந்தது. இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைவராக அவர் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தபொழுது, நம்மவரிலேயே சிலர் அவரை இந்தியர் என்று நம்பத் தயங்கினர். ஜப்பானியரின் கைப்பாவை என்றும் கருதினர். அச்சந்தேகத்தை முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. கொரியாவை 1910 முதல் அடிமைப்படுத்தியிருந்த சர்க்காரின் துணையை நாடியே அவர் தம் நாட்டின் விடுதலையைத் தேடினார். புகலளித்த நாட்டின் குற்றங்களில் புகுந்தவனுக்கும் பங்கு வந்து சேருகிறது. இக்களங்கத்தை மறைத்து அவர் புகழைப் பாடுதல் முறையன்று.

ஆயினும் பதவியில் அவருக்குப் பற்றில்லை என்பதற்கு ஐயமற்ற சான்று உண்டு. 1943 ஜூலை 4-ந் தேதி சிங்கப்பூரில், தம்மினும் இளையவரான நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையை மனமுவந்து ஒப்படைத்தார். மலேயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் பலர் பின்னர் நேதாஜியின் படையில் சேர்ந்தனர் என்பதை நாம் நினைவுகூர்தல் தகும். போஸ் 1945 ஜனவரி 21-ந் தேதி டோக்கியோவில் காலமானார். ஜப்பானிய சேனையில் பணிபுரிந்த அவருடைய மகன் அவ்வாண்டே ஓகினாவாப் போரில் மாண்டான். இந்தியா விடுதலை பெற்றது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஒருவரது தேசபக்தியைப் பிரஜா உரிமைப் பத்திரத்தைக் கொண்டு அளக்கலாகாது. அந்நிய நாட்டில் தங்கிவிட்டவர் அங்கே தங்கி எதற்காக உழைத்தார் என்பதையே நாம் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு ராஷ் பிஹாரியின் வாழ்க்கை கூறும் விடையில் பிழைகள் உண்டு. மறதி மட்டும் இல்லை.