நாற்சந்திக்கு இடம் கேட்டவர்

ஒரு நகரத்தில் நெரிசல் மிகுந்துவிட்டால் முதலில் எழும் குரல், சாலையை அகலப்படுத்துங்கள் என்பதுதான். அடுத்து மேம்பாலம் கேட்பார்கள். ஆனால், நெரிசல் பெரும்பாலும் சாலையின் நடுவில் பிறப்பதில்லை; இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் பிறக்கிறது. நான்கு திசைகளிலிருந்து வரும் வண்டிகளும் மனிதர்களும் ஒரே சதுரத்தில் முறைவைத்துக் காத்திருக்க வேண்டிய இடம் அது. நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சந்திப்பு குறுகலாக இருந்தால், அந்தக் குறுகலே சாலையின் உண்மையான அளவாகிவிடுகிறது.

இந்த எளிய உண்மையை, மோட்டார் வாகனம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் உணர்ந்து, அதற்கேற்ப ஒரு மாநகரையே வரைந்தவர் இல்டெஃபோன்ஸ் செர்தா. இன்று உலகெங்கும் வான்வழிப் படங்களில் நாம் பார்த்து வியக்கும் பார்சிலோனாவின் சதுரச் சதுரமான நகரப் பகுதி அவர் வரைந்ததுதான். கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செர்தா மறைந்துவிட்டார்.

பொதுநிதியியல் பாடம் நடத்திய ஆண்டுகளில், நிலத்தின் மதிப்பு யாரால் உயர்கிறது, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை விளக்க நான் அடிக்கடி எடுத்துக்கொண்ட உதாரணம் இவருடைய வாழ்க்கை. பொறியாளர்கள் இவரைத் தங்களவர் என்பார்கள். நகரமைப்பு வல்லுநர்கள் தங்கள் துறையின் முன்னோடி என்பார்கள். என் பார்வையில் இவர் ஒரு பொருளியல் சிந்தனையாளரும்கூட. சாலையின் அகலத்தைத் தீர்மானிப்பது வரைபடம் மட்டுமல்ல. அந்த நிலத்தை யார் விட்டுக்கொடுக்கிறார்கள், அதனால் யார் பயனடைகிறார்கள் என்ற கணக்கும்தான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கேட்டலோனியாவின் சென்டெல்லெஸ் என்ற ஊருக்கு அருகில், நிலபுலன் கொண்ட பழைய குடும்பம் ஒன்றில் 1815 டிசம்பர் 23-ஆம் நாள் பிறந்தார் செர்தா. பார்சிலோனாவில் கணிதமும் கட்டடக் கலையும் பயின்றபின், மாட்ரிட் நகரின் பொறியியல் பள்ளியில் சேர்ந்து 1841-இல் தேர்ச்சி பெற்று, சாலைகளும் பாலங்களும் அமைக்கும் அரசுப் பணியில் அமர்ந்தார். 1840-களில் தெற்கு பிரான்ஸுக்குச் சென்றபோது அங்கே நீராவி ரயில் ஓடுவதைக் கண்டார். அவருடைய சிந்தனையின் போக்கையே மாற்றிய காட்சி அது. இத்தனை மனிதர்கள் இவ்வளவு விரைவாக ஓர் ஊருக்குள் வந்து இறங்கினால், அந்த ஊரின் தெருக்கள் என்ன ஆகும் என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பயணம் மாறுகிறது என்றால் நகரமும் மாறியாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அண்ணன்மார் இறந்ததால் குடும்பச் சொத்து அவருக்கு வந்து சேர்ந்தது. 1849-இல் அரசு வேலையை விட்டு விலகினார். எஞ்சிய வாழ்நாளையும் அந்தச் சொத்தையும் இந்த ஒரே கேள்விக்குச் செலவிட்டார்.

அன்றைய பார்சிலோனா, கோட்டை மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. 1714-இல் நகரம் முற்றுகையில் வீழ்ந்தபின், மன்னராட்சி அதைக் கட்டுக்குள் வைத்திருக்க விரும்பியது. மதிலுக்கு வெளியே பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுவரை யாரும் கட்டடம் கட்டக்கூடாது என்பது விதி. தொழிற்சாலைகள் பெருகின, வேலை தேடி மக்கள் வந்தனர், நகரம் விரியவோ இடமில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மதிலுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. தெருக்களில் வெயில் படவில்லை. 1854-இல் மதிலை இடிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டது.

செர்தா உடனே கோடு போடத் தொடங்கிவிடவில்லை. முதலில் அளந்தார். 1855-இல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியின் துல்லியமான நிலவரைபடத்தை முடித்தார். அடுத்து, 1856-இல் பார்சிலோனாவின் தொழிலாளர்களைப் பற்றிய புள்ளிவிவர ஆய்வொன்றைச் செய்தார். எந்தத் தொழிலில் என்ன கூலி, வாடகைக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, ஆண்டு முடிவில் கையில் எஞ்சுவது என்ன என்று கணக்கெடுத்தார். சாலை போட வந்த பொறியாளர் ஒருவர் கூலிக்காரரின் வீட்டுக் கணக்கைப் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. தெருவின் அகலமும் வீட்டின் காற்றோட்டமும் அங்கு வாழ்பவரின் ஆயுளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவர் எண்களின் வழியே கண்டடைந்த முடிவு.

அந்த அளவைகளிலிருந்து பிறந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் விரிவாக்கத் திட்டம். பக்கத்துக்கு 113.3 மீட்டர் கொண்ட சதுரத் தொகுதிகள். அவற்றுக்கிடையே 20 மீட்டர் அகலத் தெருக்கள். அதில் வண்டிகளுக்கு 10 மீட்டர். இருபுறமும் நடப்பவர்களுக்குத் தலா 5 மீட்டர். அதாவது, தெருவில் சரிபாதி கால்நடையாகச் செல்வோருக்கு. நடைபாதையோரம் மரங்கள். நகரைக் குறுக்காகக் கடக்க வேண்டியவர்களுக்கு 50 மீட்டர் அகலப் பெருஞ்சாலைகளும், சதுரங்களைச் சாய்வாக வெட்டிச் செல்லும் நெடிய வீதிகளும் தனியே வகுக்கப்பட்டன. வீட்டுக்குப் போகும் வண்டியும் ஊரைக் கடக்கும் வண்டியும் ஒரே பாதையில் முட்டிக்கொள்ளக்கூடாது என்பது இதன் உட்பொருள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் கிடைக்கும்படி, தெருக்கள் திசைகளுக்கு 45 பாகை சாய்வாக அமைக்கப்பட்டன.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது நாற்சந்தி பற்றிய அவருடைய முடிவு. ஒவ்வொரு தொகுதியின் நான்கு முனைகளையும் சாய்வாக வெட்டிவிட்டார். வெட்டிய முகத்தின் நீளம் சுமார் 20 மீட்டர், ஏறத்தாழ தெருவின் அகலமே. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் அதன் பயன் விளங்கும். 20 மீட்டர் தெருக்கள் இரண்டு வெட்டிக்கொள்ளும் இடத்தின் பரப்பு 400 சதுர மீட்டர். ஒவ்வொரு முனையிலும் வெட்டப்பட்ட முக்கோணம் சுமார் 100 சதுர மீட்டர். நான்கு முனைகளும் சேர்ந்தால் மேலும் 400. ஆக, சந்திப்பின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதற்காகத் தொகுதியின் உரிமையாளர்கள் இழந்ததோ தங்கள் நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான். சிறிய இழப்பு, பெரிய பொதுப்பயன். திரும்பும் வண்டிக்கு வளைவு கிடைத்தது. எதிரே வருபவர் முன்கூட்டியே கண்ணில் பட்டார். சரக்கு இறக்கும் வண்டி, போவோர் வருவோரை மறிக்காமல் ஓரமாக நிற்க இடம் கிடைத்தது. நாளைக்கு நீராவி வண்டிகள் தெருவுக்குள்ளும் ஓடக்கூடும் என்று எண்ணியே அவர் இந்த இடத்தை ஒதுக்கினார். வண்டியின் வடிவம் அவர் எதிர்பார்த்ததாக இல்லை. இடத்தின் தேவை அவர் எதிர்பார்த்ததாகவே இருந்தது.

இத்திட்டத்தை அவருடைய நகரம் வரவேற்கவில்லை. மாட்ரிட்டிலிருந்த மத்திய அரசு 1859 ஜூன் மாதம் செர்தாவின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பார்சிலோனா நகராட்சியோ, தானே ஒரு போட்டி நடத்தி, அந்தோனி ரொவிரா என்ற கட்டடக் கலைஞரின் திட்டத்துக்குப் பரிசளித்தது. 1860-இல் அரசாணை செர்தாவின் திட்டத்தையே உறுதிசெய்தது. தங்கள் நகரின் உருவத்தைத் தலைநகரம் தீர்மானிப்பதா என்ற தன்மானச் சினம் ஒருபுறம். ஒரு பொறியாளர் தங்கள் எல்லைக்குள் நுழைகிறாரே என்ற கட்டடக் கலைஞர்களின் கசப்பு மறுபுறம். இவ்வளவு அகலமான தெரு எதற்கு என்ற நில உரிமையாளர்களின் முணுமுணுப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது. 20 மீட்டர் தெரு என்பது அவர்கள் கண்ணுக்கு விற்க முடியாமல் போன மனை.

இங்குதான் செர்தாவின் பொருளியல் அறிவு வெளிப்படுகிறது. தெருவுக்கு நிலம் போனவர் நட்டப்படுகிறார். தெருவை ஒட்டி நிலம் எஞ்சியவர் லாபமடைகிறார். இது அநீதி என்று அவர் ஒப்புக்கொண்டார். அதற்காகத் தெருவைச் சுருக்கவில்லை. தீர்வு ஒன்றை முன்வைத்தார். ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டு, தெருவுக்கான பரப்பை எல்லோரிடமிருந்தும் அவரவர் பங்குக்கேற்பக் கழித்து, எஞ்சியதை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருவது. ஒவ்வொருவரின் பரப்பும் குறையும்; ஆனால் கோணல்மாணலான வயல், தெரு முகப்புள்ள மனையாக மாறுவதால் மதிப்பு உயரும். அந்த உயர்விலிருந்தே சாலைச் செலவையும் ஏற்கச் செய்யலாம். பொதுமக்களின் முதலீட்டால் நிலமதிப்பு உயர்வதைப் பற்றி ஹென்றி ஜார்ஜ் எழுதிய புகழ்பெற்ற நூல் 1879-இல்தான் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே செர்தா அதை நடைமுறைத் திட்டமாக எழுதிவைத்திருந்தார்.

1867-இல் தம் கொள்கைகளைத் தொகுத்து, நகராக்கம் பற்றிய பொதுக் கோட்பாடு என்ற பெருநூலை வெளியிட்டார். நகராக்கத்தைக் குறிக்க ஸ்பானிய மொழியில் இன்று வழங்கும் சொல்லையே அவர்தாம் உருவாக்கினார். அந்நூலில் நகரத்தை இரண்டே கூறுகளாகப் பிரித்தார்: மனிதர் இயங்கும் வழி, வழிகளுக்கு இடையே மனிதர் தங்கும் வெளி. ஒன்று இயக்கம், மற்றது ஓய்வு. இரண்டுக்கும் சம மதிப்பு தராத நகரம் நோயுறும் என்பதே அந்நூலின் சாரம்.

அவர் கேட்டதில் பாதிதான் நடந்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. தொகுதிகளின் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடங்கள், 16 மீட்டர் உயரம், நடுவே தோட்டம் என்பது அவருடைய மூலத் திட்டம். உரிமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டினார்கள். பிறகு மாடிகளை உயர்த்தினார்கள். நடுவிலிருந்த தோட்ட நிலத்தையும் பட்டறைகளாலும் கிடங்குகளாலும் நிரப்பினார்கள். விதிகளும் அவர்களுக்காக அவ்வப்போது தளர்ந்தன. ஆனால் தெருவின் 20 மீட்டர் சுருங்கவில்லை. வெட்டிய முனைகள் மீண்டும் வளரவில்லை. பொதுச்சொத்தாகப் பதிவானது நிலைத்தது; தனியாரின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டது மறைந்தது. ஒரு நகரமைப்புத் திட்டம் எதைச் சட்டத்தில் எழுதுகிறது, எதை விருப்பத்துக்கு விடுகிறது என்று கேட்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய நகருக்குள்ளும் அவர் மூன்று பெருவழிகளைக் கேட்டிருந்தார். நீண்ட காலம் எதுவும் நடக்கவில்லை. அவற்றுள் ஒன்றான வியா லயெட்டானாவின் பணி 1908-இல்தான் தொடங்கியது. அதற்குள் அங்கே நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்து, ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. வெற்று வயலில் ஒரு கோட்டால் முடிகிற காரியம், வீடு எழுந்தபின் கண்ணீராகவும் இழப்பீடாகவும் வழக்காகவும் மாறுகிறது. சாலைக்கான இடத்தை எப்போது ஒதுக்குகிறோம் என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது.

செர்தாவின் இறுதிக் காலம் வருத்தத்துக்குரியது. பூர்வீகச் சொத்து ஆய்விலும் அச்சிலும் கரைந்தது. செய்த வேலைக்குரிய ஊதியம் முழுமையாக வந்து சேரவில்லை. அரசியலில் அவர் குடியரசுக் கொள்கையின் பக்கம் நின்றார். ஸ்பெயினின் முதல் குடியரசு அற்ப ஆயுளில் முடிந்தது. 1876 ஆகஸ்ட் 21-ஆம் நாள், நாட்டின் வடக்கே கல்தாஸ் தெ பெசாயா என்ற வெந்நீரூற்று ஊரில், ஏறத்தாழ வறியவராக மறைந்தார். அவர் இறந்தபின்னும் பார்சிலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் சிலர் அவருடைய திட்டத்தைப் பழித்துவந்தனர். அதே சதுரங்களில்தான் கௌதியின் உலகப் புகழ்பெற்ற கட்டடங்கள் எழுந்தன.

நல்ல வடிவமைப்பு இருந்தும் பார்சிலோனா நெரிசலிலிருந்து தப்பிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் கார்கள் பெருகின. தெருக்கள் பெரும்பாலும் ஒருவழியாயின; வெட்டிய முனைகள் வாகன நிறுத்தங்களாயின. விலையின்றிக் கிடைக்கும் எந்த இடமும் நிரம்பும்வரை நிரம்பும் என்பது பொருளியலின் பாலபாடம். சாலை அதற்கு விதிவிலக்கு அல்ல. அகலம் மட்டுமே தீர்வென்றால் அந்நகரில் சிக்கலே எழுந்திருக்கக்கூடாது.

ஆனால் இடம் இருந்ததால் திருத்தமும் முடிந்தது. செர்தாவின் தொகுதியும் தெருவும் சேர்ந்தால் 133.3 மீட்டர், மூன்று சேர்ந்தால் 400 மீட்டர். இந்த அளவிலேயே, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தொகுதிகளை ஒரு பெருந்தொகுதியாகக் கொண்டு, ஊரைக் கடக்கும் வாகனங்களை வெளிச்சுற்றுத் தெருக்களுக்குத் திருப்பும் முறையை அந்நகரம் வகுத்தது. 2016-இல் பொப்ளெனோ பகுதியில் ஒரு பெருந்தொகுதி நடைமுறைக்கு வந்தது. 2023-இல் கொன்செல் தெ சென்ட் தெருவின் ஒரு பகுதி மரங்களும் நடப்போருமாக மாற்றியமைக்கப்பட்டது. அங்கே பழைய நாற்சந்திகள் சிறு சதுக்கங்களாகியுள்ளன. நீராவி வண்டி திரும்புவதற்காக வெட்டிய முனையில் இன்று குழந்தைகள் விளையாடுகிறார்கள். முதியவர்கள் அமர்ந்து பேசுகிறார்கள்.

சாலைத் திட்டம் ஒன்று நம்முன் வைக்கப்படும்போது நாம் கேட்க வேண்டியவற்றை இந்த வாழ்க்கை கற்றுத்தருகிறது. சந்திப்புக்கு இடம் உண்டா? நடப்பவருக்குப் பங்கு எவ்வளவு? நிலம் இழப்பவரின் சுமையை நிலமதிப்பு உயர்ந்தவர் பகிர்ந்துகொள்கிறாரா? அந்த இடம் பொதுச்சொத்தாகச் சட்டத்தில் பதிவாகிறதா? இவற்றுக்கு விடை இல்லாத திட்டம் நெரிசலை இன்னொரு முனைக்குத் தள்ளிவைக்கும், தீர்க்காது. கட்டடங்கள் நூறாண்டில் இடிந்து மாறும். தெருக்கள் பல நூற்றாண்டுகள் அங்கேயே கிடக்கும். அவற்றை வரைபவர்கள் தங்கள் காலத்துக்கு மட்டும் வரைவதில்லை.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு), பொருளியல் துறை.