லூக்கா பசியோலி

லூக்கா பசியோலி (ஏறத்தாழ 1447 – 1517) ஓர் இத்தாலியக் கணிதவியலாளரும், பிரான்சிசுக்கன் சபைத் துறவியும், பல்கலைக்கழக ஆசிரியரும் ஆவார். 1494 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சிடப்பட்ட இவரது கணித நூலின் ஒரு பகுதி, இரட்டைப் பதிவு முறையை விரிவாக விளக்குகிறது. இம்முறை பற்றி அச்சில் வெளிவந்த முதல் விளக்கம் இதுவாகும். இதனால் இவர் கணக்கியலின் தந்தை என அழைக்கப்படுகிறார். எனினும், இம்முறையைக் கண்டுபிடித்தவர் இவர் அல்லர். வணிகர்களின் வழக்கத்தில் இருந்த ஒன்றைப் பயிலத்தக்க பாடமாக ஒழுங்குபடுத்தியதே இவரது பணியாகும்.

இளமையும் கல்வியும்

பசியோலி தசுக்கனிப் பகுதியிலுள்ள சான்செபோல்க்ரோ என்னும் ஊரில் பிறந்தார். புகழ்பெற்ற ஓவியரும் கணித அறிஞருமான பியரோ டெல்லா பிரான்செசுக்காவின் ஊரும் இதுவே. ஏறத்தாழ 1464 ஆம் ஆண்டில் வெனிசுக்குச் சென்ற பசியோலி, ரோம்பியாசி என்னும் வணிகரின் மூன்று மகன்களுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். வெனிசு வணிகர்களின் கணக்குப் பழக்கங்களை இவர் நேரில் அறிந்தது இக்காலத்திலேயே ஆகும். 1470 ஆம் ஆண்டில் அம்மாணவர்களுக்காக ஒரு கணித நூலையும் எழுதினார். பின்னர் உரோம் நகரில் கட்டிடக்கலை அறிஞர் ஆல்பர்ட்டியுடன் சிறிது காலம் தங்கியிருந்தார். 1470களில் துறவியானார்.

ஆசிரியப் பணி

1477 ஆம் ஆண்டில் பெருசியா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய பசியோலி, அங்குள்ள மாணவர்களுக்கெனத் தனியாக ஒரு பாடநூலை எழுதினார். பின்னர் நேப்பிள்சு, உரோம், மிலான், புளோரன்சு, பொலோனா ஆகிய நகரங்களிலும் கற்பித்தார்.

1494 ஆம் ஆண்டு நூல்

எண்கணிதம், வடிவியல், விகிதம் ஆகியவற்றின் தொகுப்பான இந்நூல் ஏறத்தாழ 600 பக்கங்கள் கொண்டது. அக்காலப் பல்கலைக்கழக மொழி இலத்தீன். ஆயினும் பசியோலி இந்நூலை வணிகர்கள் படித்துப் பயன்பெறக்கூடிய இத்தாலிய மொழியில் எழுதினார். படைத்தலைவராகவும் விளங்கிய உர்பினோ கோமகன் குயிடோபால்டோவுக்கு இந்நூல் காணிக்கையாக்கப்பட்டது.

கணக்குப்பதிவு பற்றிய பகுதி 36 அத்தியாயங்களைக் கொண்டது. வணிகருக்குத் தேவையானவையாக இவர் மூன்றைக் குறிப்பிடுகிறார். அவை கைப்பணம் அல்லது அதற்கு ஈடான பொருள், திறமையான கணக்காளர், ஒழுங்கான பதிவு முறை என்பனவாகும். முதலில் வணிகர் தமது உடைமைகள், கடன்கள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். அதன்பின் மூன்று ஏடுகள் பேணப்பட வேண்டும்.

நினைவேடு: நடவடிக்கைகள் நிகழ்ந்த வரிசையிலேயே உடனுக்குடன் எழுதப்படுவது. பல்வேறு நாணயங்களிலும் எழுதலாம்.

குறிப்பேடு: நினைவேட்டின் செய்திகள் ஒரே நாணயத்துக்கு மாற்றப்பட்டு, பற்று எது, வரவு எது எனப் பிரித்து எழுதப்படுவது.

பேரேடு: குறிப்பேட்டின் ஒவ்வொரு பதிவும் இரண்டு கணக்குகளில் எழுதப்படுவது. எடுத்துக்காட்டாக, வணிகர் தம் ரொக்கத்தைக் கொண்டு தொழில் தொடங்கினால், ரொக்கக் கணக்கில் பற்றும் முதல் கணக்கில் வரவும் எழுதப்படும்.

ஒவ்வொரு தொகையும் இருமுறை எழுதப்படுவதால், பற்றுகளின் கூட்டுத்தொகை வரவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். சமமாக இல்லையெனில் எங்கோ பிழை நேர்ந்துள்ளது என்பது தெரியவரும். இன்று தொடக்கநிலைக் கணக்கியல் வகுப்புகளில் கற்பிக்கப்படும் இருப்பாய்வின் அடிப்படையும் இதுவே.

இவருக்கு முன்னர்

செனோவா நகராட்சியின் 1340 ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே இரட்டைப் பதிவு காணப்படுகிறது. 1458 ஆம் ஆண்டில் பெனடெட்டோ கோத்ருல்யி எழுதிய வணிக நூலும் இதனைச் சுருக்கமாகக் கூறுகிறது. ஆனால் அந்நூல் 1573 ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. பசியோலியும் தாம் விளக்குவது வெனிசு நகர முறை என்றே குறிப்பிட்டுள்ளார்.

லியொனார்டோ டா வின்சியுடன்

1490களின் பிற்பகுதியில் மிலான் கோமகன் லுடோவிக்கோ சுபோர்சாவின் அழைப்பின் பேரில் பசியோலி அந்நகருக்குச் சென்றார். அங்கு லியொனார்டோ டா வின்சிக்குக் கணிதம் கற்பித்தார். இவரது "தெய்வீக விகிதம்" என்னும் நூலுக்குத் திண்ம வடிவங்களின் படங்களை லியொனார்டோ வரைந்தார். இந்நூலின் கையெழுத்துப் படிகளில் ஒன்று சுபோர்சாவின் படைத்தலைவர் கலியாசோ சான்செவெரினோவுக்கு அளிக்கப்பட்டது. 1499 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் மிலானைக் கைப்பற்றியதால் இருவரும் அந்நகரை விட்டு வெளியேறினர். நூல் 1509 ஆம் ஆண்டில் வெனிசில் அச்சானது. பசியோலியின் சதுரங்க நூலின் கையெழுத்துப்படி 2006 ஆம் ஆண்டில் இத்தாலியின் கொரிசியா நகரில் அடையாளம் காணப்பட்டது.

சர்ச்சை

பியரோவின் ஆக்கங்களைப் பசியோலி தம்முடையவையாக வெளியிட்டார் என்று 1550 ஆம் ஆண்டில் வசாரி குற்றஞ்சாட்டினார். தெய்வீக விகிதம் நூலின் மூன்றாம் பகுதி, ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் பற்றிப் பியரோ எழுதிய நூலின் இத்தாலிய வடிவமே என்பது பின்னர் உறுதியானது. 1494 ஆம் ஆண்டு நூலில் பியரோவைப் புகழ்ந்த பசியோலி, இப்பகுதியில் அவரது பெயரைக் குறிப்பிடவில்லை. வணிகர்களின் முறையை அவர்களுடையது என்றே கூறியவர், தம் ஊர் அறிஞருக்குரிய உரிமையைப் பதிவு செய்யாதது இவரது புகழுக்குக் குறையாகவே உள்ளது.

இறுதிக்காலமும் தாக்கமும்

1514 ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் லியோ இவரை உரோமில் கற்பிக்க அழைத்தார். 1517 ஆம் ஆண்டில் பசியோலி காலமானார். 1523 ஆம் ஆண்டில் இவரது கணித நூல் மறுபதிப்புப் பெற்றது. இதே முறையை விளக்கி 1540 ஆம் ஆண்டில் வெனிசில் மன்சோனியின் நூலும், 1543 ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப்பில் யான் இம்பினின் நூலும் வெளிவந்தன. நூல் வெளிவந்து 500 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, 1994 ஆம் ஆண்டில் இத்தாலி அரசு பசியோலியின் உருவம் பொறித்த 500 லிரா நாணயத்தை வெளியிட்டது.