துருவுக்குப் பெயர் கொடுத்த கவிஞர்: யார் இந்த கோத்தே?

மழையில் நனைந்த சைக்கிள் செயினை அப்படியே விட்டால் நாலு நாளில் பழுப்பாகத் துரு ஏறிவிடும். பார்த்திருப்பீங்க. அந்தத் துருவில் இருக்கும் ஒரு கனிமத்தின் பெயர் கோத்தைட். ஜெர்மனியின் மாபெரும் கவிஞர் கோத்தேயின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். கவிஞருக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம்?

நாவலாசிரியர் டு சுரங்க அதிகாரி

1749 ஆகஸ்ட் 28 அன்று பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர் யோஹான் வொல்ஃப்காங் ஃபான் கோத்தே. படித்தது சட்டம். 25 வயதில் வெளிவந்த 'இளம் வெர்தரின் துயரங்கள்' நாவல் அவரை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியது. அடுத்த ஆண்டே, 1775-ல், வைமர் சிற்றரசின் இளம் பிரபு கார்ல் ஆகஸ்ட் அவரைத் தன் அரசவைக்கு அழைத்துக்கொண்டார். சாலை, ராணுவம், நிதி என ஒவ்வொரு துறையாக அவர் கைக்கு வந்தது. கூடவே சுரங்கமும் வந்தது.

இல்மெனாவ் என்ற ஊரில் இருந்த பழைய செம்பு, வெள்ளிச் சுரங்கம் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தால் ஊருக்கு வேலை, கஜானாவுக்கு வருமானம். பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, 1784 பிப்ரவரியில் புதிய குழி தோண்டத் தொடங்கினார்கள்.

தோண்டத் தோண்ட வந்தது நிலத்தடி நீர்தான். பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் கிடைத்த தாதுவிலும் உலோகம் குறைவு. 1796 அக்டோபரில் தண்ணீரை வெளியேற்றும் சுரங்கப்பாதை இடிந்து விழுந்தது. பங்குதாரர்களின் பணத்தோடு கோத்தேயின் கனவும் மூழ்கியது.

விடாத கல் ஆசை

சுரங்கம் போனாலும், அது ஏற்படுத்திய கல் ஆசை போகவில்லை. அவர் சேர்த்த பாறைகளும் கனிமங்களும் சுமார் 18,000. பாறைகள் நீரிலிருந்து உருவானவை என்ற அந்தக் காலக் கொள்கையின் பக்கம் நின்றார். எரிமலைக் குழம்பிலிருந்தும் பாறை பிறக்கும் என்று பின்னர் உறுதியாகி, அந்தக் கொள்கை தோற்றது.

1806-ல் யேனா நகரக் கனிமவியலாளர் யோஹான் கியோர்க் லென்ஸ் ஓர் இரும்புக் கனிமத்துக்கு அவர் பெயரை வைத்தார். சுவாரஸ்யம் என்னன்னா, இரும்பும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இந்த கோத்தைட் உருவாக நிஜமாகவே தண்ணீர் வேண்டும்!

துரு எப்படி விஷத்தைப் பிடிக்கிறது?

கோத்தைட்டின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன. நீரில் கரைந்த ஆர்சனிக், ஆர்சனேட் என்ற எதிர்மின் அயனியாக வரும்போது, அந்த ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஆனால் பாஸ்பேட்டும் ஏறக்குறைய அதே வடிவம் கொண்டது, அதே இடத்துக்குப் போட்டி போடும். எனவே பாஸ்பேட் அதிகமுள்ள நீரில் ஆர்சனிக்கைப் பிடிப்பது கடினம்.

இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு, பெயர் பச்சைத் துரு. ஆக்சிஜன் குறைந்த ஈர மண்ணில் உருவாகும் இது, அடுக்கி வைத்த தோசை மாதிரி. இரும்பு அடுக்குகளில் நேர்மின்சுமை கூடுதல். அதைச் சமன்செய்ய குளோரைடு, சல்பேட், கார்பனேட் போன்ற எதிர்மின் அயனிகள் தண்ணீரோடு சேர்ந்து இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உட்காரும். வெளியே இருந்து வேறு அயனி வந்தால் இடம் மாறிக்கொள்ளும். கார்பனேட் உட்கார்ந்துவிட்டால் மட்டும் கிளப்புவது சிரமம். ஆக்சிஜன் பட்டால் பச்சைத் துரு நிறம் மாறி, கோத்தைட் போன்ற கனிமங்களாகிவிடும்.

இன்று ஏன் இது முக்கியம்?

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கோடிக்கணக்கான மக்களைப் பாதித்த ஆர்சனிக் பிரச்சினையின் மையத்தில் இந்தக் கனிமங்கள்தான் இருக்கின்றன. மண்ணில் இரும்புத் துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைத்தால், பிடியில் இருந்த ஆர்சனிக் கிணற்று நீரில் கலந்துவிடும். தீர்வும் அதே இடத்தில்தான்: ஆர்சனிக் வடிகட்டிகள் பலவற்றில் வேலை செய்வது இரும்பு ஹைட்ராக்சைடுகளே.

கோத்தே 1832 மார்ச் 22 அன்று வைமரில் காலமானார். 172 ஆண்டுகள் கழித்து, 2004-ல், நாசாவின் ஸ்பிரிட் ரோவர் செவ்வாய்க் கிரகப் பாறையில் கோத்தைட்டைக் கண்டுபிடித்தது. ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் இருந்தது என்பதற்கான ஆதாரங்களில் ஒன்று, தண்ணீரிடம் சுரங்கத்தை இழந்தவரின் பெயரில் இருக்கிறது.