மக்கள் தீர்ப்பை மதித்த பூ. ச. குமாரசாமி ராஜா

தேர்தலில் வென்றோரை நாடு போற்றும். தோற்றோரை நாடு மறக்கும். இவ்வுலகியல்புக்கு விலக்காக, தோல்வியாலும் நம் நினைவில் நிற்கத் தக்கவர் ஒருவர் இராஜபாளையத்தில் தோன்றினார். அவரே பூ. ச. குமாரசாமி ராஜா. முதலமைச்சர் பொறுப்பில் இருந்தபோதே, தம் ஊரை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் மக்களால் மறுக்கப்பெற்றவர் அவர். அம்மறுப்பை அவர் ஏற்றுக்கொண்ட பாங்கினை இக்கட்டுரைவழிக் காண்போம்.

தெலுங்கு பேசும் ராஜு மரபில், 1898ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்த எட்டாம் நாள் தாயை இழந்தார்; மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தார். பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்த அவரைக் காந்தியடிகளின் கொள்கைகள் ஈர்த்தன. ஊராட்சிப் பணியில் தொடங்கி, விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்து, 1934இல் தில்லி மத்திய சட்டமன்றத்துக்கும் பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்துக்கும் சென்றார். அக்காலத் தேர்தல்களில் சொத்தும் கல்வியும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்தது என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியபின், காமராசரின் ஆதரவோடு 1949 ஏப்ரல் 6இல் குமாரசாமி ராஜா ஆட்சிப் பொறுப்பேற்றார். ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அன்றைய சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தன. 1950 சனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை பிரதமர் என வழங்கிய பதவி முதலமைச்சர் என்றாயிற்று. அவ்வகையில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் அவரே.

அவர்தம் ஆட்சியைக் குறையற்றதெனக் கூறுதல் நம் நோக்கமன்று. 1949இல் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். மழை பொய்த்தது, உணவுத் தட்டுப்பாடு மிகுந்தது, பங்கீட்டு அரிசிக்காக மக்கள் காத்து நின்றனர். இவற்றுக்கெல்லாம் ஆள்வோரே விடை கூற வேண்டியிருந்தது.

விடை கூறும் நாளும் வந்தது. 1952 சனவரியில், 21 வயது நிரம்பிய ஆடவர், பெண்டிர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் இங்கு நடைபெற்றது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவர் சின்னம். எழுத்தறியாத உழவரும் கூலியாளரும் தாம் விரும்பிய சின்னமுடைய பெட்டியில் சீட்டை இட்டனர். நாடாளுமன்றத்துக்கொரு சீட்டும் சட்டமன்றத்துக்கொரு சீட்டும் அவர்கள் கையில் இருந்தன.

நாடாளுமன்றத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி காமராசரைத் தேர்ந்தெடுத்தது. சட்டமன்றத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியோ முதலமைச்சரைத் தோற்கடித்தது. இருவரும் காங்கிரசுக்காரர்; இருவருக்கும் இரட்டைக் காளைச் சின்னமே. சின்னத்தை மட்டும் கண்டு வாக்களிக்கும் பாமரர் என மக்களை எண்ணியோர் இம்முடிவு கண்டு வியந்திருப்பர். மாநிலம் முழுவதிலும் 375 இடங்களுள் காங்கிரசு பெற்றவை 152 மட்டுமே. பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர் சிலரும் தோற்றனர். தடைக்கு ஆளாகியிருந்த பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களில் வென்றது.

குமாரசாமி ராஜா அத்தீர்ப்புக்குத் தலைவணங்கினார். புதிய அமைச்சரவை அமையும்வரை கடமையாற்றி, 1952 ஏப்ரல் 10இல் இராசாசி பொறுப்பேற்கவே, பதவியை விட்டு அமைதியாக வெளியேறினார். இஃதென்ன பெருமை, தோற்றவர் விலகுவது இயல்புதானே எனச் சிலர் கருதக்கூடும். அதே காலத்தில் பிறிதொரு நாட்டில் நிகழ்ந்ததை நோக்கினால் இதன் அருமை விளங்கும்.

வட ஆப்பிரிக்காவில் உள்ள லிபியா 1951 டிசம்பர் 24இல் விடுதலை பெற்றது. அதன் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1952 பிப்ரவரி 19இல், நம் தேர்தல் முடிந்த சில வாரங்களில், நடைபெற்றது. மொத்த இடங்கள் 55. அரசு சார்பினரே பெரும்பான்மை பெற்றனர். முறைகேடு நிகழ்ந்ததெனத் திரிப்போலிப் பகுதியில் கிளர்ச்சி எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பஷீர் சஅதாவி நாடு கடத்தப்பட்டார், கட்சிகள் தடைசெய்யப்பட்டன. கட்சிகள் போட்டியிடும் தேர்தலை அந்நாட்டு மக்கள் மீண்டும் கண்டது 2012இல்தான். இடையில் கழிந்தவை அறுபது ஆண்டுகள்! ஒரே பருவத்தில் விதைத்த இரு வயல்களுள் ஒன்று விளைந்தது, மற்றொன்று கருகியது. வாக்குப் பெட்டி இரண்டிடத்தும் இருந்தது. தோற்போர் விலகுவர், வெல்வோர் மாற்றாரை வாழவிடுவர் என்னும் மரபே விளைச்சலைத் தருகிறது. அம்மரபுக்கு இம்மண்ணில் முதற்கால் நாட்டியோருள் குமாரசாமி ராஜாவும் ஒருவர்.

பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசா மாநில ஆளுநராக விளங்கி, 1957இல் அவர் மறைந்தார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். ஆட்சியை மக்களிடம் திருப்பித் தந்தவர், வீட்டையும் மக்களுக்கே தந்தார்.

வாக்களிக்கும் வயது 1989 முதல் 18 ஆயிற்று. எனவே நம் கல்லூரி மாணவரும் அத்தீர்ப்பை எழுதும் உரிமை பெற்றவரே. மாநில முத்திரையில் பொறித்த கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்பர் பலர். மதுரைக் கோபுரம் என்பாரும் உளர். அவ்வழக்கு எங்ஙனமாயினும் ஆகுக. அம்முத்திரையைக் கையாண்ட முதலமைச்சரையே ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் ஒரு சீட்டினால் இறக்கினர். அவரும் முகங்கோணாது இறங்கினார். தீர்ப்பளிக்கும் துணிவு மக்களுக்கும், அதனை ஏற்கும் பண்பு தலைவர்க்கும் ஒருங்கே வாய்ப்பதுதான் மக்களாட்சி. அவ்விரண்டையும் காக்கும் கடன் இனி இளையோர்க்குரியது.