பூச்சிக்கொல்லியிடம் கணக்குக் கேட்டவர்

உயிரியல் பாடத்தில் உணவுச் சங்கிலி வரும்போது நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்லும் பெயர் ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லியே வேண்டாம் என்று போராடியவர் என்றுதான் பலர் அவரை நினைக்கிறார்கள். அவர் கேட்டது வேறு.

1907 மே 27-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். எழுத்தாளராகும் ஆசையில் ஆங்கிலம் படிக்கப் போனவர், கல்லூரியில் உயிரியலுக்கு மாறினார். 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்திற்கு வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. 1935-இல் தந்தையும் இறந்துவிட, அரசாங்க மீன்வளத் துறைக்கு வானொலி உரை எழுதிச் சம்பாதித்தார். பிறகு அங்கேயே நிரந்தரப் பணி கிடைத்தது. 1951-இல் கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அது டிடிடி-யின் பொற்காலம். போரில் டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்க உதவிய மருந்து அது. பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் வயல், காடு, குடியிருப்பு என்று பாராமல் விமானத்திலிருந்து தெளித்தார்கள். இதைப் பற்றி எழுதலாமா என்று 1945-லேயே கார்சன் ஒரு பிரபல இதழைக் கேட்டிருந்தார். இதழ் ஆர்வம் காட்டவில்லை. 1958-இல் மாசசூசெட்சில் இருந்த தோழி ஒருவர், கொசுவுக்கு மருந்து தெளித்த பிறகு தம் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததாக எழுதினார். கார்சன் ஆதாரங்களைத் திரட்டத் தொடங்கினார்.

அவற்றுள் கலிபோர்னியாவின் கிளியர் லேக் ஏரியை மட்டும் பார்ப்போம். தொல்லை கொடுத்த சிறு பூச்சிகளை ஒழிக்க, டிடிடி-யின் நெருங்கிய உறவான ஒரு மருந்தை ஏரியில் கலந்தார்கள். அலட்சியமாக அல்ல, கணக்குப் போட்டுத்தான். ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. ஆனால் அது எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கும். மிதவை உயிரியில் கொஞ்சம், அதைத் தின்ற சிறு மீனில் அதிகம், பெரிய மீனில் இன்னும் அதிகம். மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் செத்தபோது அவற்றின் கொழுப்பைச் சோதித்தார்கள். பத்து லட்சத்திற்கு 1,600 பங்கு இருந்தது. நீரில் கலந்ததைப்போல் 80,000 மடங்கு! கணக்குப் போட்டவர்கள் தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

1962 செப்டம்பரில் 'மௌன வசந்தம்' நூல் வெளிவந்தது. ரசாயனத் தொழில்துறை அவரை உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏளனம் செய்தது. அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய். தெரிந்தால் அதையே தமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று நோயை மறைத்தார். 1963 மே மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் குழு அவர் பக்கம் நின்றது. ஜூனில் அவர் செனட் குழுவின் முன் அமர்ந்தார். பூச்சிக்கொல்லியின் ஆபத்தைப் புரிந்துகொண்டு விதிப்படி பயன்படுத்தக்கூடியவர்களுக்கே அதை விற்க வேண்டும், பிறர் தெளிக்கும் நஞ்சிலிருந்து மக்களுக்குத் தம் வீட்டில் பாதுகாப்பு வேண்டும் என்றார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்தில் மருந்தடித்த அத்தையின் நினைவு வரும். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துண்டுத் துணி. அடிப்பது என்ன மருந்து என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974-இல் வந்தது; பதிவு பெறாத மருந்தை விற்கக்கூடாது. தோட்டங்களில் களைக்கு அடித்த பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல்தான் தடை.

கார்சன் 1964 ஏப்ரல் 14-இல், 56 வயதில் காலமானார். 1972-இல் அமெரிக்கா விவசாயத்தில் டிடிடி-யைத் தடை செய்தது. 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமோ, மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மட்டும், கட்டுப்பாட்டோடு அதை இன்றும் அனுமதிக்கிறது.