முத்துச் சிப்பி எங்கே போயிற்று? துப்புத் துலக்கிய ஹார்னெல்

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று பல மீனவர் ஊர்கள் இருக்கின்றன. ஒரு நாள் வலை கிழியும் அளவுக்கு மீன் விழும். இன்னொரு நாள் டீசல் காசுக்குக் கூட மீன் இராது.

அதே கடல்தான். அதே வலைதான். மீன் மட்டும் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் நம் கடலில் அலைந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். 1865-ல் பிறந்த ஆங்கிலேயர்.

இலங்கைக்கு வந்தார்

ஜெர்சி என்ற சிறு தீவில் ஹார்னெல் கடல் ஆராய்ச்சி செய்து வந்தார். அப்போது இலங்கையில் ஒரு பெரிய கவலை. 1891-க்குப் பிறகு அங்கே முத்துக் குளிப்பே நடக்கவில்லை! சர்க்காருக்கு வருமானம் போயிற்று. தமிழ்நாட்டுக் கரையில் இருந்து அங்கே குளிக்கப் போனவர்களுக்குப் பிழைப்புப் போயிற்று.

காரணம் கண்டுபிடிக்க, ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை 1902-ல் அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்தான் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். ஹார்னெல் தங்கிவிட்டார்.

குஞ்சுகளின் பயணம்

சிப்பிகளை யாரும் திருடவில்லை. அவற்றின் கதையே வேறு!

முத்துச் சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பிறந்ததும் அது தண்ணீரில் மிதக்கும். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். சில வாரங்கள் இப்படி அலைந்த பிறகு அடியில் இறங்கும். அங்கே கெட்டியான தரை இருந்தால், மெல்லிய நார்களால் ஒட்டிக்கொண்டு வளரும். வெறும் மணலாக இருந்தால் மடியும்.

கடலடியில் உள்ள பாறைத் திட்டை முத்துக் குளிப்பவர்கள் பார் என்பார்கள். இலங்கைக் கடலில் பெரிய பார் என்று ஓர் இடம். அங்கே குஞ்சுகள் கோடிக்கணக்கில் வந்து ஒட்டும். ஆனால், தென்மேற்குப் பருவக்காற்று வீசியதும் காணாமல் போய்விடும். அலை வாரிக்கொண்டு போகும், மணல் மூடிவிடும்.

1903-ல் மறுபடியும் குளிப்பு நடந்தது. 1905-ல் சுமார் 8 கோடி சிப்பிகள் கிடைத்தன! ஆசைப்பட்டு ஒரு கம்பெனி 1906-ல் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பெனி முழுகிப்போயிற்று.

தொண்டியில் முத்து

ஹார்னெல் சென்னை மாகாண மீன் இலாகாவில் சேர்ந்தார். பின்னர் அதன் டைரக்டராகவும் ஆனார்.

முத்துக்குப் பெயர்போன ஊர் தூத்துக்குடி. ஆனால் 1914-ல் தொண்டியில் முத்துக் குளிப்பு நடந்தது! புதுக்கோட்டைக் கரைக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஊர் அது. இந்தக் குளிப்பைப் பற்றி ஹார்னெல் எழுதிய அறிக்கை 1916-ல் வெளிவந்தது.

இந்தக் கடலில் ஓடிய படகுகளையும் அவர் கவனித்தார். காற்றில் கவிழாமல் இருக்கக் குறுக்கே பலகை நீட்டி, அதன்மேல் ஆள் ஏறி நிற்பதைக் குறித்து வைத்தார்.

மத்தி மீனின் வயிற்றில்

மலபார்க் கரையில் மத்தி மீனும் இதே கண்ணாமூச்சி ஆடியது. ஓர் ஆண்டு கரையெல்லாம் மத்தி. மறு ஆண்டு பஞ்சம்.

ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் மத்தியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். கடல் நீரையும் சோதித்தார்கள். மத்தியின் உணவு, நீரில் மிதக்கும் மிக நுண்ணிய உயிர்கள் என்று தெரிந்தது. பிளாங்க்டன் என்று அவற்றுக்குப் பெயர். 1923-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

தென்மேற்குப் பருவத்தில் அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அது கடலுக்கு உரம் போன்றது. வெயிலும் உரமும் சேர்ந்தால் பிளாங்க்டன் பெருகும். அதைத் தின்ன மத்திக் குஞ்சுகள் கரையோரம் கூடும். அந்த உணவு குறைந்தால் குஞ்சுகளும் குறையும். அப்புறம் வலையில் என்ன விழும்?

கடலும் மாறிக்கொண்டே இருக்கிறது. மலபார்க் கரைக்கே உரியது என்று எண்ணப்பட்ட மத்தி, 1990-களில் இருந்து தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் ஏராளமாகப் பிடிபடத் தொடங்கியது.

இன்றும் அதே வழி

ஹார்னெல் 1924-ல் ஓய்வு பெற்றார். 1949-ல் காலமானார்.

இன்று செயற்கைக் கோள்கள் கடலின் சூட்டையும் பச்சை நிறத்தையும் அளக்கின்றன. பச்சை நிறம் பிளாங்க்டன் இருப்பதைக் காட்டும். அதை வைத்து, மீன் கூடும் இடம் எது என்று ஐதராபாத்தில் உள்ள மத்திய சர்க்கார் நிலையம் மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. மீனைத் தேட அதன் இரையைத் தேடு என்பதுதான் இதற்கும் அடிப்படை.

வெறும் வலையோடு ஒருவர் கரை திரும்பினால், அவர் கை ராசி கெட்டது என்று ஊர் பேசலாம். கோளாறு கையில் இல்லை. குஞ்சாக இருந்தபோது அந்த மீனுக்கு இரை கிடைக்காமல் போயிருக்கும். அல்லது நீரோட்டம் அதை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கும்.