புகையில் போன சக்தியைப் பிடித்தவர்



தெர்மல் லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போடாத மெக்கானிக்கல் மாணவன் யாரும் இருக்க முடியாது. எஞ்சினுக்குள் ஊற்றிய டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகக் கிடைக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரோடும் புகையோடும் போய்விடுகிறது. நாம அந்தக் கணக்கை எழுதி, சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்குப் போயிடுவோம். ஆனால் நூறு வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் அப்படிப் போய்விடவில்லை. புகையோடு போகும் சக்தியைப் பிடித்து, அதை வைத்தே எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்ட முடியுமா என்று யோசித்தார். அவர்தான் டர்போசார்ஜரின் தந்தை ஆல்ஃபிரட் பியூகி.

1879 ஜூலை 11ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கிருந்த சுல்சர் எஞ்சின் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தவர். 1899இல் சூரிச்சில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தார். அந்தக் கல்வி நிலையத்துக்கு அப்போது பெயரே பாலிடெக்னிக்தான்! நம்ம டிப்ளமோ மாதிரி இல்லை, பட்டப் படிப்பு. ஆனாலும் அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். 1903இல் படிப்பை முடித்து, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

1905 நவம்பர் 16. பியூகிக்கு வயது 26. அவருடைய ஜெர்மன் காப்புரிமையில் உள்ள தேதி அது. ஒரே தண்டில் டர்பைனும் கம்ப்ரசரும். வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றும். டர்பைன் கம்ப்ரசரைச் சுழற்றும். கம்ப்ரசர் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். இன்று நாம் வெட்டுத் தோற்றம் வரைந்து பாகம் குறிக்கும் டர்போவுக்கு அந்த யோசனைதான் அடிப்படை.

பேப்பரில் எல்லாம் சரி. எஞ்சினில்? அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது. 1909இல் சுல்சர் கம்பெனிக்குத் திரும்பி, 1911இல் அங்கே சோதனை எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். வருடங்கள் ஓடினவே தவிர, விற்கிற அளவுக்கு ஒரு டர்போ வரவில்லை. தத்துவம் தப்பில்லை. டர்பைனும் கம்ப்ரசரும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் "பொருத்தம்" என்ற வார்த்தை எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது தெரியுமா? எங்கப்பா லாரி டிரைவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஒருமுறை அப்பா ஓட்டிய லாரியில் டர்போ போய்விட்டது. பட்டறையில் வேறொரு பெரிய வண்டியின் டர்போவைக் கழற்றி மாட்டினார்கள். பெருசா இருந்தா இழுவை கூடும் என்று அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். மலை ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை, கரும்புகையாகக் கக்கியது. சுமையோடு நடுவழியில் நின்று, அந்த மாத வருமானத்தில் பாதி போனது. காரணம் அன்று எங்களுக்குத் தெரியவில்லை. பியூகியைப் படித்த பிறகுதான் புரிந்தது. பெரிய டர்பைனைச் சுழற்ற நிறைய புகை வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவ்வளவு புகை வராது. டர்போ சுழலாவிட்டால் காற்று இல்லை. காற்று இல்லாத டீசல் கரும்புகைதான்.

பியூகி இருபது வருடம் முட்டி மோதியதும் இந்த மாதிரிப் பொருத்தத்துக்காகத்தான். 1925இல் விடை கிடைத்தது. எல்லா சிலிண்டரின் புகையையும் ஒரே குழாயில் விட்டால், ஒன்றின் புகை இன்னொன்றின் வெளியேற்றத்தைத் தடுக்கும். அதனால் சிலிண்டர்களைக் குழுவாகப் பிரித்து, தனித்தனிக் குழாய் வைத்து, புகை வரும் ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் டர்பைனுக்குக் கொடுத்தார். அதே காலத்தில் பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்களில் பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களுக்கு டர்போ பொருத்தினார்கள். 1750 குதிரைத்திறன் 2500 ஆனது! உலகம் திரும்பிப் பார்த்தது. 1938இல் சவ்ரர் கம்பெனி டர்போ வைத்த லாரி எஞ்சினைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, தான் படித்த சூரிச் கல்வி நிலையமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1959 அக்டோபர் 27இல் பிறந்த ஊரிலேயே கண் மூடினார். மூன்றே வருடம் கழித்து, 1962இல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கார்வேர் கார்கள் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வேகக் கார் உலகமும் பியூகி பட்ட பாட்டையே பட்டது. 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ 2002 டர்போ 170 குதிரைத்திறன் தந்தது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று பாயும். இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். சரி, சின்ன டர்போ வைத்தால்? கீழ் வேகத்தில் பிக்கப் ஜோராக இருக்கும். மேல் வேகத்தில் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது? கணக்குதான்! 2 லிட்டர் நான்கு வீச்சு எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றிழுக்கும். நிமிடத்துக்கு 6000 லிட்டர். 90 சதவீதம் நிரம்பினால் 5400 லிட்டர், அதாவது சுமார் 6.5 கிலோ காற்று. டர்போ அழுத்தத்தை இரண்டு மடங்காக்கி, இன்டர்கூலரில் குளிர வைத்தால் அடர்த்தி சுமார் 1.7 மடங்கு, ஆகவே ஏறக்குறைய 11 கிலோ. இந்த 11 கிலோவையும், 2500 ஆர்.பி.எம்.மில் தேவைப்படும் குறைந்த காற்றையும் கம்ப்ரசர் மேப்பில் குறிக்க வேண்டும். இடது எல்லையான சர்ஜ் கோட்டைத் தாண்டினால் காற்று திரும்பி அடிக்கும். வலது எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் அடைத்துக்கொள்ளும். நாம் ஓட்டப்போகும் வேகமெல்லாம் நடுவில் விழுந்தால் அதுவே சரியான சைஸ். வீதியில் ஓட்டும் காருக்கும் ரேஸ் காருக்கும் ஒரே டர்போ ஆகாது.

இன்னொரு விஷயம் கேளுங்க. இன்றைய கார்களில் ட்வின் ஸ்க்ரோல் டர்போ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு வழி, 2, 3க்கு வேறு வழி. அது பியூகி 1925இல் காட்டிய வழியேதான்!

முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். எல்லாமே இங்கிலீஷில் நடந்ததால் இந்தப் படிப்பு நமக்குப் பொருந்தாது என்று ஊருக்குக் கிளம்ப இருந்தேன். பொருந்தவில்லை என்றால் பியூகி எஞ்சினைத் தூக்கி எறியவில்லை. எங்கே பொருந்தவில்லை என்று அளந்து பார்த்தார், மாற்றினார், மறுபடி ஓட்டினார். நானும் எங்கே இடிக்கிறது என்று பார்த்தேன். பாடம் புரிந்தது, வார்த்தைதான் புரியவில்லை. தினம் பத்து வார்த்தை எழுதி வைத்தேன். இரண்டு அரியர் முடிந்தது, ஒன்று பாக்கி. அதையும் முடிப்பேன்.

அடுத்த முறை ஹீட் பேலன்ஸ் ஷீட்டில் புகைக் கணக்கை எழுதும்போது, நண்பர்களே, ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தி அந்த எண்ணைப் பாருங்கள். 26 வயதில் ஒருவர் தன் வாழ்க்கையையே தேடி எடுத்தது அங்கேதான்.